ஒதுக்கி வைத்த சாளரங்கள்



கணிப்பொறித் திரையில் நீங்கள் திறக்கும் ஒவ்வொரு சாளரத்தின் மேல் மூலையிலும் மூன்று சிறு குறிகள் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். விண்டோஸ் இயங்கும் பொறியில் அவை வலப்புறம் இருக்கும். ஆப்பிள் பொறியில் இடப்புறம் இருக்கும். அவற்றுள் ஒன்று சாளரத்தை மூடுவது, மற்றொன்று பெரிதாக்குவது. எஞ்சிய ஒன்று, சிறு கோடு போலவோ மஞ்சள் பொட்டுப் போலவோ இருப்பது, சாளரத்தைச் சிறிதாக்கி ஒதுக்கி வைப்பது. இந்தக் கடைசிக் குறியைப் பற்றியே இன்று உங்களோடு பேச எண்ணுகிறேன்.

ஒரு கோட்டைப் பற்றிப் பேச இத்தனை நேரமா என்று சிலர் நினைக்கலாம். அந்தக் கோட்டை அழுத்தியவுடன் உங்கள் உழைப்பு கண்ணை விட்டு மறைகிறது. அது எங்கே போயிற்று, எவ்வாறு திரும்ப வரும், வரும்போது எந்த நிலையில் வரும் என்னும் கேள்விகளுக்கு விடை தெளிவாக இருந்தால்தான் மனிதன் அச்சமின்றி வேலை செய்ய இயலும். நாற்பது ஆண்டுகளாகத் தேர்ந்த பொறியாளர்கள் அந்த விடையைத் தேடி வருகிறார்கள். இன்னும் அது முழுமையாகக் கிடைத்தபாடில்லை.

மூடுவதற்கும் சிறிதாக்குவதற்கும் உள்ள வேறுபாட்டை என் தொழிலிலிருந்தே ஓர் உவமை கொண்டு விளக்குகிறேன். ஒரு மாணவன் ஆசிரியரிடம் அனுமதி பெற்று நூலகத்துக்குச் செல்கிறான். வகுப்பறையில் அவன் இடம் காலியாக இருக்கிறது. ஆயினும் வருகைப் பதிவேட்டில் அவன் பெயர் இருக்கிறது, அவன் புத்தகப் பை இருக்கையின் மேல் இருக்கிறது, அழைத்தால் வந்துவிடுவான். இது சிறிதாக்குதல். மற்றொரு மாணவன் மாற்றுச் சான்றிதழ் பெற்றுக்கொண்டு பள்ளியை விட்டே போய்விடுகிறான். இது மூடுதல். வகுப்புக்குள் எட்டிப் பார்ப்பவர் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். இரண்டிடத்தும் காணப்படுவது ஒரு வெற்றிடமே. வேறுபாட்டை அறிவிப்பது பதிவேடு ஒன்றுதான். சாளரங்களைக் கையாளும் கணிப்பொறிக்கும் அத்தகைய பதிவேடு ஒன்று வேண்டும். அது எப்போதும் கண்ணெதிரே விரிந்து கிடக்க வேண்டும்.

இந்தப் பதிவேடு தொடக்கத்தில் இல்லை. கணிப்பொறித் திரையை ஓர் அலுவலக மேசையாகக் கருதும் கருத்து ஜெராக்ஸ் நிறுவனத்தாரின் ஆய்வுகளில் வளர்ந்து, 1981ஆம் ஆண்டில் வெளிவந்த ஸ்டார் என்னும் பொறியில் முழு உருப்பெற்றது. அதன் வடிவமைப்பாளருள் ஒருவரான டேவிட் கேன்ஃபீல்டு ஸ்மித், 1975ஆம் ஆண்டில் தாம் எழுதிய ஆய்வேட்டில் ஐகான் என்னும் சொல்லைத் திரையில் தோன்றும் சிறு படக்குறிக்கு வழங்கியிருந்தார். ஸ்டார் பொறியில் படக்குறியைத் திறந்தால் ஆவணம் சாளரமாக விரியும். மூடினால் மீண்டும் படக்குறியாகச் சுருங்கும். 1984ஆம் ஆண்டில் வந்த மக்கின்டோஷ் பொறியில் சாளரத்தை ஒதுக்கி வைக்கும் குறியே இல்லை. அந்நாளில் அது பெரும்பாலும் ஒரு நேரத்தில் ஒரு செயலியையே இயக்கியது. ஆதலால் அந்தக் குறை அவ்வளவாக உறுத்தவில்லை.

1985ஆம் ஆண்டு நவம்பரில் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் விண்டோஸின் முதற்பதிப்பை வெளியிட்டது. அதில் சாளரங்கள் தரையில் பதித்த ஓடுகளைப்போல் ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக அமையும். ஒன்றன் மேல் ஒன்று படியாது. திரையின் அடிப்பகுதியில் ஒரு பட்டை ஒதுக்கப்பட்டிருந்தது. சிறிதாக்கிய செயலிகள் அங்கே படக்குறிகளாக வரிசையில் நின்றன. 1987ஆம் ஆண்டில் வந்த இரண்டாம் பதிப்பில் சாளரங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியலாயின. அதனால் பயன்கள் பல விளைந்தன. ஆயின் ஒரு கேடும் உடன் வந்தது. ஒதுக்கி வைத்த படக்குறிகள் திரையின் அடியிலேயே கிடந்தன. அவற்றின் மேல் வேறொரு சாளரம் வந்து மூடிக்கொண்டால் அவை இருந்த சுவடே தெரியாது. 1990ஆம் ஆண்டின் மூன்றாம் பதிப்பிலும் 1992ஆம் ஆண்டின் 3.1 பதிப்பிலும் இந்நிலையே நீடித்தது. திறந்திருக்கும் பணிகளின் பட்டியலைப் பார்க்க ஒரு வழி இருந்தது உண்மையே. திரையின் வெற்றிடத்தில் சுட்டியை இருமுறை அழுத்தினால் அப்பட்டியல் தோன்றும். ஆனால் பெரிய சாளரம் ஒன்று திரை முழுவதையும் மறைத்திருக்கும்போதுதான் பட்டியல் மிகவும் தேவை. அப்போதுதான் அழுத்துவதற்கு வெற்றிடமே இராது. விசைப்பலகையில் இரண்டு விசைகளை ஒருசேர அழுத்தியும் அதை வரவழைக்கலாம். அதை அறிந்தவர்க்கு அந்தப் பட்டியலின் தேவை அவ்வளவாக இல்லை. வீட்டுச் சாவியை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிய கதைதான் இது.

இக்குறையை ஆராய்ந்த முறை மாணவர்கள் அறியத்தக்கது. விண்டோஸ் 95 உருவானபோது மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தார் பழக்கமில்லாத மக்களை அழைத்துவந்து, பொறியின் முன் அமரவைத்து, அவர்கள் எங்கே தயங்குகிறார்கள் என்று உற்றுப் பார்த்தார்கள். அந்த முயற்சியைக் கென்ட் சல்லிவன் என்பவர் 1996ஆம் ஆண்டில் ஓர் ஆய்வுரையாக வெளியிட்டார். சாளரம் மறைந்தவுடன் அது இல்லாமலே போயிற்று என்று புதியவர்கள் கருதினார்கள் என்பது அவர்கள் கண்ட செய்திகளுள் ஒன்று. ஒதுக்கிய சாளரத்தின் உருவத்தை மட்டும் மாற்றிப் பார்த்தார்கள், பயன் போதவில்லை. பின்னரே திரையின் ஓரத்தில் எப்போதும் நிற்கும் பணிப்பட்டை பிறந்தது. 1995ஆம் ஆண்டு ஆகஸ்டு 24ஆம் நாள் அது உலகுக்கு வந்தது. திறந்த ஒவ்வொரு சாளரத்துக்கும் அதில் ஒரு பொத்தான் உண்டு. பொத்தானின் மேல் சாளரத்தின் பெயர் உண்டு. எந்தச் சாளரமும் தன் இயல்பான நிலையில் அதை மறைக்காது. நம் அன்னையர் கையாளும் அஞ்சறைப்பெட்டியை நினைவு கொள்ளுங்கள். மூடியைத் திறந்தால் கடுகு எங்கே, மிளகு எங்கே என்று தேட வேண்டுவதில்லை. பணிப்பட்டைக்கு மூடியும் இல்லை.

மற்றொரு நுட்பமும் அப்பதிப்பில் இருந்தது. சிறிதாக்கும்போது சாளரத்தின் தலைப்புப் பட்டை பணிப்பட்டையிலுள்ள தன் பொத்தானை நோக்கிச் சுருங்கிச் செல்வதுபோல் திரையில் ஒரு கணம் காட்டப்பட்டது. இது வெறும் அலங்காரம் என்று எண்ணிவிடாதீர்கள். "இங்கே போகிறேன்" என்று சாளரம் சொல்லிவிட்டுப் போகிறது. வீட்டில் சொல்லிக்கொண்டு போகும் பிள்ளையைத் தேடி யாரும் தெருவில் அலைவதில்லை அல்லவா? 2001ஆம் ஆண்டில் ஆப்பிள் நிறுவனத்தார் தம் புதிய இயங்குதளத்தில், சாளரம் புகைபோல் வளைந்து நெளிந்து திரையடியிலுள்ள டாக் என்னும் தட்டுக்குள் இறங்குமாறு செய்தார்கள். கண்ணுக்கு விருந்துதான், எனினும் அதன் பயன், செல்லும் இடத்தைச் சுட்டுவதே. இத்தகைய அசைவு சிலருக்குத் தலைச்சுற்றலைத் தரும் என்பதால் அதைக் குறைத்துக்கொள்ளும் வசதியும் பின்னாளில் வந்தது.

சாளரம் ஒதுங்கியபோது உள்ளே நடப்பது என்ன? செயலி உறங்கிவிடுவதில்லை. பாட்டு ஒலிக்கும், இறக்கம் செய்யும் கோப்பு இறங்கிக்கொண்டிருக்கும். திரையில் வரையும் வேலை மட்டும் நின்றுவிடுகிறது. விண்டோஸில் ஒரு நிரலின் வழியாக, ஒதுங்கிய சாளரத்தின் இருப்பிடத்தைக் கேட்டால், இடமாகவும் மேலாகவும் சுழியத்துக்கு 32000 புள்ளிகள் அப்பால் என்று விடை வரும். எந்தத் திரையும் எட்டாத ஒரு தொலைவில் அதை நிறுத்தியிருக்கிறார்கள் என்பது பொருள். பழைய பதிப்புகளில், சாளரத்தைச் சிறிதாக்கியவுடன் அச்செயலி பிடித்திருந்த நினைவகத்தின் ஒரு பகுதியையும் பிடுங்கிக்கொள்ளும் வழக்கம் இருந்தது. நினைவகம் அருமையாக இருந்த நாளில் அது சிக்கனமான ஏற்பாடு. ஆயின் மீண்டும் அழைக்கும்போது சாளரம் சோம்பலோடு வருவதற்கு அதுவும் ஒரு காரணம்.

கைபேசியில் பழகிய உங்களுக்கு இங்கே ஒரு வேறுபாட்டைச் சொல்ல வேண்டும். கைபேசியில் ஒரு செயலியை விட்டு வெளியே வந்தால், நினைவகம் போதாதபோது இயங்குதளம் அந்தச் செயலியையே நிறுத்திவிடலாம். தன் நிலையைச் சேமித்து வைப்பது செயலியின் பொறுப்பு. மேசைக் கணிப்பொறியில் அவ்வாறு வழக்கமாக நிகழ்வதில்லை. சிறிதாக்கியது அப்படியே காத்திருக்கும் என்னும் நம்பிக்கை அங்கே உண்டு.

அந்த நம்பிக்கை எப்படித் தளர்கிறது என்பதற்கு நான் கண்ட ஒன்றைக் கூறுகிறேன். மேல்நிலைத் தேர்வு முடித்த மாணவி ஒருவர் கல்லூரிச் சேர்க்கைக்கான விண்ணப்பத்தைப் பள்ளிக் கணிப்பொறியில் நிரப்பிக்கொண்டிருந்தார். வேறொரு கோப்பிலிருந்த மதிப்பெண்ணைப் பார்ப்பதற்காக விண்ணப்பச் சாளரத்தைச் சிறிதாக்கினார். மதிப்பெண்ணைக் குறித்துக்கொண்டு திரும்பினால் விண்ணப்பத்தைக் காணவில்லை. உலாவியின் படக்குறியை இருமுறை அழுத்தினார். புதிய சாளரம் ஒன்று வெறுமையாக வந்தது. முதலிலிருந்து நிரப்பினார். சாதிச் சான்றிதழின் எண்ணைப் பார்க்க மீண்டும் சிறிதாக்கினார். மீண்டும் அதே கதை. மூன்றாம் முறை அவர் கண் கலங்கியபோதுதான் ஆசிரியர் அருகே சென்றார். பணிப்பட்டையில் உலாவியின் ஒற்றைச் சின்னம் இருந்தது. அதன் மேல் சுட்டியை வைத்தவுடன் பாதி நிரம்பிய மூன்று விண்ணப்பங்களும் வரிசையாக எழுந்து நின்றன. "எல்லாம் இங்கேதான் இருந்ததா, சார்?" என்று அந்தப் பெண் கேட்ட குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. அன்று மாலை ஐந்து மணியோடு விண்ணப்பக் காலம் முடிவதாக இருந்தது. அவர் அறிவிலே குறை காண்பது தகாது. பெயர் எழுதாத பதிவேட்டைக் கையில் கொடுத்துவிட்டு, மாணவரைக் கண்டுபிடி என்று சொன்னால் எந்த ஆசிரியராலும் இயலாது.

பெயர் எவ்வாறு போயிற்று? சாளரங்கள் பெருகப் பெருகப் பணிப்பட்டையின் பொத்தான்கள் சுருங்கின, எழுத்துகள் வெட்டுண்டன. அதற்கு மருந்தாக 2001ஆம் ஆண்டின் எக்ஸ்பி பதிப்பு, ஒரே செயலியின் பல சாளரங்களை ஒரு பொத்தானுக்குள் அடக்கும் முறையைக் கொண்டுவந்தது. 2009ஆம் ஆண்டின் விண்டோஸ் 7 மேலும் ஓர் அடி சென்று, தானாகவே பெயரை நீக்கிவிட்டுச் சின்னத்தை மட்டும் நிறுத்தியது. சுட்டியைக் கொண்டுபோனால் சிறு படங்கள் தோன்றும். இடம் மிச்சமாயிற்று, அழகும் கூடிற்று, மறுக்கவில்லை. ஆனால் இன்னும் திறக்காத செயலிகளின் சின்னங்களும் அதே வரிசையில் நிற்கின்றன. திறந்தது எது, திறக்காதது எது என்று காட்டுவதற்குச் சின்னத்தின் மேல் ஒரு மெல்லிய சாயல் அல்லது அடியில் ஒரு மெல்லிய கோடு. என் போன்ற அறுபது கடந்தவர்க்கு அந்தக் கோடு தெரிவதே அரிது. அன்று வரையில் விரும்பியவர்கள் பெயரோடு கூடிய பழைய முறையை அமைப்புகளில் தேர்ந்துகொள்ள இடம் இருந்தது. 2021ஆம் ஆண்டில் வந்த விண்டோஸ் 11 அந்த உரிமையையும் எடுத்துவிட்டது. பயன்படுத்துவோர் ஓயாமல் கேட்டதன்மேல் 2023ஆம் ஆண்டில் அதைத் திருப்பிக் கொடுத்தது. 1995ஆம் ஆண்டில் கண்டறிந்த ஓர் உண்மையை மறந்து, இருபத்தெட்டு ஆண்டுகள் கழித்து மீண்டும் கண்டறிந்ததாக நான் இதைக் கருதுகிறேன்.

ஆப்பிள் முறையிலும் குறை இல்லாமல் இல்லை. ஒதுங்கிய சாளரம் டாக் தட்டில் சிறு படமாக நிற்கிறது. பத்துச் சாளரங்களை ஒதுக்கினால் பத்துத் தபால்தலைகள். எழுத்து நிறைந்த பக்கங்கள் எல்லாம் தொலைவில் ஒரே முகம் காட்டும். செயலிகளுக்கிடையே மாறுவதற்கு ஆப்பிள் பொறியில் கமாண்டு விசையையும் டேப் விசையையும் அழுத்துவார்கள். அவ்வாறு மாறினால் செயலியின் பெயர் மேலே வரும், ஒதுங்கிய சாளரம் வராது. ஆப்ஷன் விசையைப் பிடித்துக்கொண்டே கையை எடுத்தால்தான் வரும். இதை அறிந்தவர் எத்தனை பேர்? அந்நிறுவனத்தின் பழைய பொறிகளில் எளிய வழி ஒன்று இருந்தது. 1994ஆம் ஆண்டின் 7.5 பதிப்பில், தலைப்புப் பட்டையை இருமுறை அழுத்தினால் மூங்கில் தட்டியைச் சுருட்டுவதுபோல் சாளரம் மேலே சுருண்டு, தலைப்புப் பட்டை மட்டும் அதே இடத்தில் நிற்கும். போன இடம் என்று ஒன்றே இல்லை. வைத்த இடத்திலேயே பெயரோடு இருக்கிறது. 2001ஆம் ஆண்டின் மாற்றத்தில் அது மறைந்தது எனக்கு வருத்தமே.

லினக்ஸ் உலகில் க்னோம் என்னும் மேசைச் சூழலை உருவாக்குவோர் 2011ஆம் ஆண்டில் துணிவான முடிவு ஒன்றை எடுத்தார்கள். தங்கள் மூன்றாம் பதிப்பில் பணிப்பட்டை இல்லை. ஆகவே சிறிதாக்கும் குறியையும் சாளரத்தின் மூலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். பலர் சினந்தார்கள். அவர்கள் முடிவு எனக்கு முற்றும் உடன்பாடன்று. ஆயினும் அதில் ஒரு நேர்மை இருக்கிறது. சுவரில் ஆணி இல்லாதபோது சட்டையை மாட்டு என்று சொல்லக் கூடாது அல்லவா?

இனி என்ன திருத்தம் வேண்டும்? முதலாவது, பெயர். இடம் உள்ளவரையில் பெயர் தெரியட்டும்; இடம் போதாதபோது மட்டும் சுருங்கட்டும். பல சாளரங்கள் ஒரு சின்னத்துக்குள் அடங்கினால் எத்தனை என்று எண்ணாவது தெரிய வேண்டும். மூன்று என்னும் எண்ணைக் கண்டிருந்தால் அந்த மாணவி கலங்கியிருக்க மாட்டார். விண்டோஸ் 7 முதல், கோப்பு இறங்கும் அளவைப் பொத்தானின் மேலேயே பச்சை நிறத்தில் நிரப்பிக் காட்டும் வசதி இருக்கிறது. அதுபோலவே சேமிக்காத வேலை உள்ள சாளரத்துக்கும் ஒரு குறி இட்டால் எவ்வளவு நலம்! சுட்டியை வைத்தால் எழும் சிறு படமோ, ஒதுங்கிய நொடியில் இருந்த தோற்றத்தையே பல நேரங்களில் காட்டுகிறது. உள்ளே நடந்தது படத்தில் இராது. பழைய படம் என்றால் பழையது என்றாவது சொல்ல வேண்டும்.

ஒதுங்கிய சாளரம் திரும்பும்போது முன்பிருந்த இடத்தில், முன்பிருந்த அளவில், எழுதிக்கொண்டிருந்த வரியில் வந்து நிற்பது அடுத்த தேவை. புத்தகத்தில் மயிலிறகு வைத்துவிட்டு எழுந்தவன், திரும்ப வந்து திறந்தால் அந்தப் பக்கத்தையே எதிர்பார்ப்பான். வகுப்பறைகளில் ஒளிவீழ்த்தியை இணைத்துப் பாடம் நடத்தும் ஆசிரியர்கள் இதன் அருமையை அறிவார்கள். இணைப்பைக் கழற்றியவுடன் அதிலிருந்த சாளரங்கள் எல்லாம் மடிக்கணினியின் சிறு திரையில் வந்து குவியும். விண்டோஸ் 11 அவற்றைத் தானே சிறிதாக்கி வைத்து, மீண்டும் இணைக்கும்போது பழைய இடத்திலேயே விரிக்கக் கற்றுக்கொண்டது. பாராட்டத்தக்க திருத்தம்.

மின்சாரம் நின்றால் என்ன ஆகும் என்பது அதனினும் பெரிய கேள்வி. ஆப்பிள் இயங்குதளம் 2011ஆம் ஆண்டு முதல், பொறியை மீண்டும் தொடங்கும்போது முன்பு திறந்திருந்த சாளரங்களை விரித்துத் தருகிறது. பிற தளங்களில் இது இன்னும் அரைகுறையாகவே இருக்கிறது. வீட்டில் மின்காப்புக் கருவி வாங்க இயலாத மாணவனுக்கு இந்த வசதி ஆடம்பரம் அன்று. அவனுடைய ஒரு மாலைப் பொழுதின் உழைப்பு அதில் அடங்கியிருக்கிறது.

மூடும் குறியை அழுத்தினாலும் மூடாமல், கடிகாரத்தின் அருகேயுள்ள மூலைக்குள் ஒளிந்துகொள்ளும் செயலிகள் சில உண்டு. அரட்டைச் செயலிகளுக்கு இது வாடிக்கை. மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு போன மாணவன் பள்ளியின் பரணில் ஒளிந்திருந்தால் எப்படி இருக்கும்? அந்த மூலையிலும் எல்லாச் சின்னங்களும் தெரிவதில்லை. ஓர் அம்புக்குறிக்குள் அவை மறைந்திருக்கின்றன. இதைச் செயலி தானாகச் செய்யாமல் நம்மைக் கேட்டுவிட்டுச் செய்வதே முறை.

இவை எல்லாம் பெருநிறுவனத்தார் செய்ய வேண்டியவை, நமக்கு என்ன என்று இருந்துவிடாதீர்கள். க்னோம், கேடீஈ போன்ற மேசைச் சூழல்களின் மூலநிரல் எவரும் படிக்கத் திறந்திருக்கிறது. நிரல் எழுதக் கற்கும் கல்லூரி மாணவர்கள் பணிப்பட்டையில் எண்ணைக் காட்டும் சிறு நிரல் ஒன்றை எழுதிப் பார்க்கலாம். பள்ளி மாணவர்களுக்கு அதனினும் எளிய பணி ஒன்று உண்டு. கணிப்பொறி அதிகம் பழகாத ஒருவரை, உங்கள் பாட்டியாரோ தம்பியோ, திரையின் முன் அமர்த்துங்கள். ஒரு கடிதத்தை நான்கு வரி எழுதச் சொல்லுங்கள். பிறகு நீங்களே அந்தச் சாளரத்தைச் சிறிதாக்கிவிட்டு, "உங்கள் கடிதம் எங்கே?" என்று கேளுங்கள். வாய் திறந்து உதவாதீர்கள். அவர் கண் முதலில் எங்கே செல்கிறது, கை எதை அழுத்துகிறது, எத்தனை நொடியில் கடிதம் கிடைக்கிறது என்பதை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.